நலம்-பதினேழு

திரையில் இருந்த மூளையில் ஒரு ஓட்டை இருந்தது. இருக்கக் கூடாது. நல்ல மூளை என்று நம்பித்தான் ஹெர்டிஸ் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

மணி காலை ஏழு இருபது. எட்டு மணிக்கு இந்தப் படத்தை வைத்து அவள் வகுப்பு நடத்த வேண்டும்.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு முறை உண்டு. பயிற்சியில் இருப்பவர் ஒரு ஸ்கேனைத் திரையில் போடுவார். பேர் இல்லை, வயது இல்லை, நோய் என்னவென்ற குறிப்பும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் இளையவரில் தொடங்கி மூத்தவர் வரை, தங்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசியில், படத்தைக் கொண்டுவந்தவர் எழுந்து விடையைச் சொல்வார். அவருக்கு மட்டும் விடை தெரிந்திருக்கும்.

இன்றைக்கு அவருக்கும் தெரியவில்லை.

ஹெர்டிஸ் பத்து வருடம் ஒரு தீவில் குடும்ப மருத்துவராக இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் மூளைப் படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள பெர்கன் நகர மருத்துவமனைக்கு வந்தவள். தீவில் இருந்தபோது எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரே மருந்து வைத்திருந்தாள்: "அடுத்த வாரம் திரும்ப வாங்க, பார்ப்போம்." படங்கள் திரும்ப வருவதில்லை. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்திவிட வேண்டும். அதுதான் அவளுக்கு வரவில்லை. 'இயல்பானது' என்று தட்டச்சு செய்யும்போதெல்லாம், யாரையோ இருட்டில் தனியாக விட்டுவிட்டு வருவது போல இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு பிரிவின் தலைவர் ஸ்டைனார் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உன்னோட கடைசி முப்பது ரிப்போர்ட்டையும் படிச்சேன். 'இல்லையென்று சொல்வதற்கில்லை'ங்கிறது எத்தனை தடவை வருது, தெரியுமா?"

"ஒரு பத்து இருக்குமா?"

"நாப்பத்தாறு. அதுல ஒருத்தருக்குத் தலையில ஒண்ணுமே இல்லை. அவருக்கு மட்டும் நாலு தடவை போட்டிருக்கே. படிச்சுட்டு அவரோட டாக்டர் எனக்குப் போன் பண்ணி, இது வாழ்த்தா இரங்கலான்னு கேக்கறார்."

ஸ்டைனார் ரிப்போர்ட்டுகளை மூடி வைத்தார்.

"வியாழக்கிழமை ஒரு படம் கொண்டு வா. ஒரே ஒரு பதில் சொல்லு. யார் என்ன சொன்னாலும் அதுல நில்லு. நின்னேன்னா, கோடையிலேர்ந்து வார இறுதி டியூட்டியைத் தனியாப் பாரு. இல்லைன்னா இன்னும் ஆறு மாசம் என் பக்கத்துலயே உக்காந்திரு. எனக்கும் வயசாகுது, உனக்கும் வயசாகுது."

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நோயே இல்லாத ஒரு தலையைக் கொண்டுபோய்ப் போடுவது. எல்லாரும் ஆளுக்கொன்றைக் கண்டுபிடிப்பார்கள். கடைசியில் அவள் எழுந்து, கம்பீரமாக, "இயல்பானது" என்பாள்.

அதற்குத் தோதாக 'நலம்' என்றொரு கோப்பு இருந்தது. ஜனவரியில் புது எம்.ஆர்.ஐ. இயந்திரம் வந்தபோது, அதைச் சோதிக்க ஆரோக்கியமான தலைகள் தேவைப்பட்டன. கிடைத்தவை ஊழியர்களின் தலைகள். படுத்து எழுந்தால் பழுப்பு சீஸ் வைத்த வாஃபிள் ஒன்று கூலி. படம் படிப்பவர்கள் மட்டுமில்லை, நரம்பியல் பிரிவிலிருந்தும் அறுவைப் பிரிவிலிருந்தும்கூட வந்து வரிசையில் நின்றார்கள். இருபத்து நான்கு தலைகள், ஹெர்டிஸுடையதும் அதில் ஒன்று. பேரை எடுத்துவிட்டு, மூக்கு முகமெல்லாம் படத்திலிருந்து அழித்துவிட்டு, நலம்-1, நலம்-2 என்று எண் மட்டும் கொடுத்திருந்தார்கள். எந்த எண் யாருடையது என்பது அடித்தளத்தில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரிட்டின் நோட்டில் மட்டும்தான் இருந்தது.

ஹெர்டிஸ் நேற்று மாலை நலம்-பதினேழைத் திறந்து, மேலே நாலைந்து அடுக்குகளைப் பார்த்தாள். அழகான மூளை. மகனை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டதால், அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

இன்று காலை கீழடுக்குகளுக்கு வந்தபோது, நெற்றியோரப் பொட்டுக்கு உள்பக்கமாக அந்த ஓட்டை. பட்டாணி அளவு இருக்கும். அதைச் சுற்றி லேசான வெளுப்பு.

யாரோ பாவம் என்று நினைத்தபடி இன்னும் கீழே போனாள். கடைசி அடுக்குகளில், அழிக்கப்பட்ட முகத்தின் எல்லையைத் தாண்டி ஒரு கறுப்பு நீண்டிருந்தது. மேல் கடைவாய்ப் பல்லில் உலோகத் தொப்பி போட்டவர்களின் படத்தில் அப்படி வரும். திரையின் இடது பக்கத்தில் இருந்தது.

ஹெர்டிஸின் நாக்கு தானாக இடது மேல் கடைவாய்க்குப் போனது. போன வருடம் தொப்பி போட்ட பல் வழவழவென்று அங்கேயே இருந்தது.

பொட்டுப் பக்கம் லேசாக வலிப்பது போல இருந்தது. எப்போதிலிருந்து என்று, நோயாளிகளைக் கேட்பது போலத் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏழு இருபதிலிருந்து.

அவள் கணவன் ரூனேவுக்குச் செய்தி அனுப்பினாள்: "எனக்கு மறதி அதிகமாகியிருக்கிறதா?"

உடனே பதில் வந்தது: "இதையே நேற்றும் கேட்டாய்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். பெரிட்டைக் கூப்பிடலாம் என்றால், அவள் ஒன்பது மணிக்குத்தான் வருவாள். முதல் வேலையாக இந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். வேறு எதையாவது போட்டுக்கொள்ளலாம். விரல் அழிப்பதற்கான பொத்தானுக்குப் போனபோது, பின்னால் ஈர மழைக்கோட்டின் சரசரப்பு கேட்டது.

"உன் படத்தைப் பார்த்தேன்" என்றார் ஸ்டைனார்.

"எட்டு மணிக்கு முன்னாடி யாரும் பார்க்கக் கூடாதே."

"எல்லாரும் பார்க்கறதுதான். ராத்திரியே பார்த்துட்டாங்க." கோட்டைக் கழற்றாமலே நின்றார். "நலம் கோப்பிலேருந்துதானே எடுத்தே?"

"ஆமா. வேற மாத்திடலாமான்னு..."

"வேண்டாம். மாத்தாதே." வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னார். "அந்த ஓட்டையைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?"

"எட்டு மணிக்குச் சொல்றேன்."

"ஆமாமா. விதி இருக்கே." காபியை ஊற்றிக்கொண்டு, அதை மேசையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

என்னைச் சோதிக்கிறார், என்று ஹெர்டிஸ் நினைத்தாள். மாற்றவும் முடியாது. அப்படியானால் வகுப்புக்குமுன் யாராவது பெரியவர்களிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நரம்பியல் மருத்துவர் குன்வோரைக் கூப்பிட்டாள். குன்வோர் இருபத்தைந்து வருடமாக நோயாளிகளுக்குக் கெட்ட செய்தி சொல்லிச் சொல்லி, நல்ல செய்தியையும் அதே குரலில் சொல்பவள்.

"ஒரு படத்துல பொட்டுக்குள்ள ஒரு ஓட்டை இருக்கு, குன்வோர். என்னவா இருக்கும்?"

"ஆளுக்கு என்ன தொந்தரவு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்பது தன் தலைக்காக. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று பட்டது.

"மறதின்னு ஒரு குறிப்பு இருந்துது" என்றாள்.

"எந்த மாதிரி மறதி?"

"பாலை அலமாரியில வெச்சிட்டு மறந்துபோற மாதிரி."



"காபித்தூளை ஃப்ரிட்ஜுக்குள்ள வெக்கறது?" என்று கேட்டாள் குன்வோர்.

"அதுவும் சேர்த்திதான்."

"படம் எங்கேருந்து எடுத்தது?"

"நலம் கோப்பு. ஜனவரியில எடுத்தது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான் மேல வரேன். ஐவின்டையும் கூட்டிட்டு வரேன்."

"ஐயோ, வேண்டாம் குன்வோர், அறுவை டாக்டர் வரைக்கும் எதுக்கு?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அறை நிரம்பியிருந்தது. வழக்கமாக ஆறு பேர் வருவார்கள், அதிலும் இருவர் தூங்குவார்கள். இன்று ஹெர்டிஸோடு சேர்த்துப் பத்துப் பேர். மறதி என்ற குறிப்பு குன்வோருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அன்று வாஃபிள் சுடுவது பயிற்சியில் இளையவனான மாக்னேவின் முறை. மூன்றைக் கருக்கிவிட்டு, நான்காவதற்கு மாவு ஊற்றாமலே மூடியை மூடிவிட்டு நின்றான். தட்டில் இருந்ததை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் எல்லோருடைய கன்னமும் எதையோ மெல்வது போல அசைந்துகொண்டிருந்தது.

மூளை அறுவை மருத்துவர் ஐவின்ட் மட்டும் இரண்டு வாஃபிளை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஆரம்பி, ஹெர்டிஸ்" என்றார் ஸ்டைனார்.

அவள் படத்தைப் போட்டாள். இத்தனை பேர் முன்னால் தன் மூளை, துணி இல்லாமல் நிற்பது போல நின்றது. நன்றாகத்தான் இருந்தது, அந்த ஓட்டையைத் தவிர.

"மாக்னே, நீ சொல்லு."

"பொட்டு மடல்ல, முன்பக்கமா..." மாக்னே கரண்டியைப் பிடித்தபடி எழுந்தான். "நீர் நிறைஞ்ச ஒரு குழி. சுத்தி வெளுப்பு. கட்டியா இருக்குமோன்னு... அதாவது கட்டி..." கரண்டியைக் கைமாற்றினான். "கட்டி இல்லையென்று சொல்வதற்கில்லை."

எல்லோரும் திரும்பி ஹெர்டிஸைப் பார்த்தார்கள், தொற்றுநோயைக் கொண்டுவந்தவளைப் பார்ப்பது போல.

"உன்கிட்டேருந்துதான் புடிச்சிருக்கான்" என்றார் ஸ்டைனார்.

அடுத்தவர் சொன்னார்: "பழைய அடியாக்கூட இருக்கலாம். சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்த ஆளா இருந்தா." சொல்லிக்கொண்டே தலையின் பின்பக்கத்தைத் தடவினார்.

"பின்பக்கம் இல்லையே, பொட்டுலதானே இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"விழுந்தா எல்லாப் பக்கமும்தான் குலுங்கும்."

"புழுவா இருந்தா?" என்றாள் அவள். "வெளிநாட்டுக்கு விடுமுறைக்குப் போய், சரியா வேகாத பன்றிக்கறி சாப்பிட்ட ஆளா இருந்தா?"

"நீங்க போன வருஷ ஈஸ்டர் விடுமுறையில எங்கே போயிருந்தீங்க?" என்றார் தலையைத் தடவிக்கொண்டிருந்தவர்.

"படத்தைப் பத்திப் பேசுவோம்" என்றாள் அவள் சிடுசிடுப்பாக.

குன்வோரின் முறை வந்தது. அவள் எழுந்து திரைக்கு மிக அருகில் போய், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். "மறதியும் இருக்குன்னா, இது சும்மா இருக்கிற ஓட்டை இல்லை. அந்த மறதி இதோட நின்னுடாது. முதல்ல காபித்தூள். அப்புறம் கார். அப்புறம் பிள்ளைங்க பேர்." சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு போன், ஒரு சின்னப் பொய். அது இப்போது நோயாக வளர்ந்து, ஹெர்டிஸின் மகன் பேர் வரைக்கும் வந்து நிற்கிறது.

"எதுக்கு இத்தனை பேச்சு?" என்றார் ஐவின்ட், விரலில் ஒட்டிய ஜாமை நக்கியபடி. "எடுத்துட்டாப் போச்சு. அருமையான இடம். இதோ, இங்க ஒரு சின்னக் கதவு." தன் வலது பொட்டைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு மணி நேர வேலை. திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு."

"யாரோட தலைன்னே தெரியாதே, ஐவின்ட்."

"தலையைக் கண்டுபுடிச்சுக் குடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"கண்டுபுடிக்கலாம்" என்றாள் குன்வோர், ஜன்னலிலிருந்து திரும்பாமல். "பெரிட்டோட நோட்டுல இருக்கு. ஆபத்துன்னா எண்ணை உடைச்சு, ஆளைக் கூப்பிட்டுச் சொல்லியாகணும். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதுல அப்படித்தான் இருக்கு."

வாஃபிள் அச்சு வெறுமனே புகைந்துகொண்டிருந்தது.

"அது படத்தைக் கொண்டுவந்தவங்க சொல்ல வேண்டியது" என்றார் ஸ்டைனார். "ஹெர்டிஸ், எண்ணை உடைக்கணுமா, வேண்டாமா?"

ஹெர்டிஸ் எழுந்தாள்.

"இல்லைன்னு சொல்வ..." என்று தொடங்கியது வாய்.

நிறுத்தினாள்.

அந்த வார்த்தை எவ்வளவு வசதியானது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எழுதுகிறவளுக்கு. அதற்குள் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். ஆனால் இன்று அவள் அந்த வார்த்தையின் வெளிப்பக்கத்தில் நின்றாள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளாக. அங்கே நின்று பார்த்தால் அதில் நிழலும் இல்லை, நாற்காலியும் இல்லை. நாற்பத்தாறு தடவை யாரையெல்லாம் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தாள்.

இன்னொன்றும் புரிந்தது. ஏழு இருபதிலிருந்து அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் குடுங்க" என்றாள்.

திரைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்காக இறங்கினாள். யாருடையதோ ஒரு தலை. யாருடையதாக இருந்தாலும் பார்க்க வேண்டிய விதம் ஒன்றுதான். ஓட்டைக்குள் இருந்த நீரையும், மூளைக்கு வெளியே இருந்த நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு வகைப் படத்திலும் இரண்டும் ஒரே நிறம். சுவர் இல்லை. பக்கத்தில் எதையும் நெருக்கவில்லை. அப்புறம் படத்தை வேறு கோணத்தில் திருப்பினாள். மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு மெல்லிய ரத்தக்குழாய் வளைந்து வந்து, அந்த ஓட்டையின் வாசலில் நின்றிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நேரமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"எண்ணை உடைக்க வேண்டாம்" என்றாள். "யாரையும் கூப்பிட வேண்டாம். இது நோய் இல்லை. ரத்தக்குழாய் மூளைக்குள்ள நுழையற இடத்துல அதைச் சுத்தி ஒரு உறை இருக்கும். சில பேருக்கு அது கொஞ்சம் அகலமா அமைஞ்சிடும். அதுல நீர் தங்கியிருக்கு, அவ்வளவுதான். இதோ குழாய், இதோ வாசல்."

"சுத்தி வெளுப்பு இருக்கே" என்றாள் குன்வோர். ஆனால் ஜன்னலை விட்டு வந்துவிட்டாள்.

"இந்த இடத்துல வர்ற இந்த மாதிரி குழிக்கு வெளுப்பு இருக்கறது உண்டு. இடத்தைப் பார்த்துத்தான் சொல்றேன்."

"அப்போ மறதி?"

ஹெர்டிஸ் ஸ்டைனாரைப் பார்த்தாள். ஆறு மாதம் போனால் போகட்டும்.

"அப்படி ஒரு குறிப்பே இல்லை, குன்வோர். நான் சேர்த்தது. மறதி இந்தத் தலையோடது இல்லை, என்னோடது. பாலை அலமாரியில வெச்சது நான்தான். பொய் சொன்னது தப்பு."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். மாக்னே சுவரில் சாய்ந்துகொண்டான். குன்வோர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, "காபித்தூள் ஃப்ரிட்ஜுலயும் நல்லாத்தான் இருக்கும்" என்று யாரிடமோ சொன்னாள்.

ஸ்டைனார் மட்டும் அசையவில்லை.

"இல்லாத குறிப்பைச் சேர்த்ததுக்கு அப்புறம் தனியாப் பேசறேன்" என்றார். "இப்போ ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. இது உன்னோட தலையா இருந்தா, இன்னைக்கு ராத்திரி தூங்குவியா?"

இதைவிடக் கொடுமையான கேள்வியை அவர் கேட்டிருக்க முடியாது. ஹெர்டிஸ் அந்தக் குழாயை இன்னொரு முறை பார்த்தாள்.

"தூங்குவேன்."

"நல்லாவா?"

"குறட்டை விட்டு."

"அப்போ எழுது" என்றார் ஸ்டைனார்.

எழுதினாள். இரண்டு வரி. அதில் 'இயல்பான மாறுபாடு' என்று ஒரு முறையும், 'மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை' என்று ஒரு முறையும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. ஸ்டைனார் எட்டிப் பார்த்து, உதடு அசைய இரண்டு முறை படித்தார். பிறகு, "கோடையிலேர்ந்து வார இறுதி உன்னுது" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வெளியே போய்விட்டார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது போல அவளுக்குத் தோன்றியது. தன்மேல் இவ்வளவு அக்கறை வைத்திருந்தாரா என்று நெகிழ்ந்துபோனாள்.

"நல்ல ஓட்டை வீணாப் போகுது" என்றார் ஐவின்ட், கடைசி வாஃபிளை எடுத்துக்கொண்டு. "நீ என்ன வேணா எழுதிக்கோம்மா. நான் திங்கக்கிழமையை விடப் போறதில்லை. அந்தத் தலை எப்படியும் என்கிட்ட வந்து நிக்கும், பாரு."

பகல் முழுக்க ஹெர்டிஸ் படங்களைப் படித்தாள். கை லேசாக இருந்தது. நால்வருக்கு 'இயல்பானது' என்று எழுதினாள். நால்வரும் அவளறியாத தெருக்களில் நிம்மதியாக நடப்பது போல இருந்தது. ஒருவருக்குக் கட்டி இருந்தது. அதையும் நேராகவே எழுதினாள். போனில் அந்த வார்டு மருத்துவரைக் கூப்பிட்டுத் தானே சொன்னாள்.

பயம் போய்விட்டது. ஆனாலும் ஒரு குறுகுறுப்பு மிச்சம் இருந்தது. தன்னைப் பற்றி ஒரு செய்தி ஒரு நோட்டில் எழுதியிருக்கும்போது அதைப் பார்க்காமல் எப்படி வீட்டுக்குப் போவது? மூன்று மணிக்கு அடித்தளத்துக்குப் போகலாம் என்று லிஃப்டைக் கூப்பிட்டாள். கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஸ்டைனார் வந்தார்.

"கீழ காபி நல்லா இருக்கு" என்றார் அவள் கேட்காமலேயே.

அடித்தளத்தில் காபி இயந்திரம் கிடையாது. ஆனால் அவர் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்ததால் ஹெர்டிஸ் ஒன்றும் கேட்கவில்லை.

பெரிட், நோயாளிகளின் தலைக்கு மாட்டும் கூண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது தாண்டிய, எதற்கும் பதறாத பெண். ஹெர்டிஸ் கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"பெரிட், அந்த நலம்-பதினேழு... என்னோடதுதானே?"

"யாரோடதுன்னு சொல்லக் கூடாது. விதி."

"தெரியும். ஆனா..."

"உங்களோடது இல்லைன்னு சொல்லலாம். அதுக்கு விதியில தடை இல்லை." துடைத்துக்கொண்டே சொன்னாள். "உங்களோடது இல்லை. உங்க தலையில ஓட்டை கீட்டை எதுவும் கிடையாது."

ஹெர்டிஸ் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இருக்காதே. பல்லு சரியா இருந்துதே. எனக்குத் தொப்பி போட்டது இடது மேல் கடைவாய்ப் பல்லு. படத்துலயும் இடது பக்கம்தான் கறுப்பு."

பெரிட் துடைப்பதை நிறுத்தினாள். "எதுல இடது?"

"திரையில."

"திரையில இடதுன்னா?"

ஹெர்டிஸ் இடது கையைத் தூக்கினாள், பிறகு வலது கையை.

படம் படிப்பவர்கள் நோயாளிக்கு எதிரே நின்று பார்ப்பவர்கள். திரையின் இடது, நோயாளியின் வலது. அந்தத் துறையில் முதல் நாள், முதல் பாடம் அது. மூன்று வருடமாக ஒரு நாளும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. மற்றவர் தலை என்றால் எதிரே நின்றாள். தன் தலை என்று நினைத்த உடனே, கண்ணாடிமுன் நிற்பவள் போல நின்றுவிட்டாள்.

"போன இலையுதிர் காலத்துல மாணவர்களுக்கு நான்தான் இந்தப் பாடத்தை நடத்தினேன்" என்றாள் சன்னமாக.

"ஆமா. நானும் கதவுகிட்ட நின்னு கேட்டேன். நல்லா நடத்தினீங்க."

"இவ்வளவு படிச்சவ, வலது எது இடது எதுன்னு தெரியாம, தன் தலைன்னு நினைச்சுக்கிட்டு... இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பெரிட். இந்த ஆஸ்பத்திரியிலேயே என்னை மாதிரி ஒரு முட்டாள் இருக்க மாட்டாங்க."

பெரிட் துணியை உதறி மடித்து வைத்தாள்.

"வெக்கப்படாதீங்க டாக்டரம்மா. 'அது என் தலைதானே'ன்னு கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு இங்க வந்ததுல இன்னைக்கு நீங்க ஒன்பதாவது ஆள். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் இன்னும் வரலை, அவர் மேல திங்கக்கிழமைக்குத் தியேட்டர் புடிச்சிட்டிருக்கார்."